சலங்கை குத்துதுங்கக்கா

எடப்பாடி அன்புச்செல்விக்கு ஒரு பாட்டை மிக்ஸ் செய்து முடித்துவிட்டால் கால் தரையில் பாவாது. அன்றைக்கும் அப்படித்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். தெரு முழுக்க விசைத்தறிகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. கிடைத்த அமைதியில் கட்டில்மேல் சம்மணமிட்டு, லேப்டாப்பில் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்து, ‘காவிரிக்கரை மிக்ஸ்’ வாட்ஸப் குழுவில் பாட்டைப் போட்டுவிட்டாள். போட்ட கையோடு எழுந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்தாள்.

“ஏனுங்க, போட்டாச்சு!” என்று தறிப் பட்டறையை எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

அவள் கணவன் கலையரசன் அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து சிரித்தான். “இந்த வாட்டி பாரு, அசந்து போயிருவாங்க. சலங்கை எப்படிக் கணீர்னு இருக்குது!”

பிளஸ் டூ முடித்த கோடையில் தறி ஓட்ட நின்றவள் அன்புச்செல்வி. கல்யாணம் ஆகி வந்த வீட்டிலும் தறிதான். கொரோனா ஊரடங்கில் தறிகள் நின்றபோது, கொழுந்தன் மாற்றிவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் ஏதோ பாட்டு மென்பொருள் இருந்தது. பொழுது போகாமல் திறந்தாள். பாடகியின் குரல் ஒரு கோட்டில், தவில் ஒரு கோட்டில், புல்லாங்குழல் ஒரு கோட்டில் என்று ஒரே பாட்டு தனித்தனியாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றை ஏற்றினாள், இன்னொன்றை இறக்கினாள். பாட்டு அவள் கண்முன்னே வேறு பாட்டாக மாறியது. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தறிகள் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் அந்தப் பித்து இறங்கவில்லை.

அவளைப் போலவே பித்துப் பிடித்தவர்கள் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது அந்தக் குழுவில் சேர்ந்தபோதுதான். நாமகிரிப்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடும் நந்தகுமார் நடத்துகிற குழு. கோயிலிலோ கல்யாணத்திலோ யாராவது தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்ததைக் கொண்டுவந்து போடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்து மிக்ஸ் செய்து திரும்பப் போடலாம். நந்தகுமார் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ‘சூப்பர்’ என்று மட்டும் யாரும் எழுதக் கூடாது. எந்த இடத்தில், என்ன கேட்கிறது, அது ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஆளைப் பற்றிப் பேசக் கூடாது, பாட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

முதல் பதில் பரமத்தி வேலூர் இளவழகனிடமிருந்து வந்தது. வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்திருக்கிற ஆள். ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பதிவு செய்வான். அன்புச்செல்வி அவனை நேரில் பார்த்ததில்லை.

“அக்கா, தவில் அருமையா உக்காந்திருக்குது. ஒவ்வொரு அடியும் நெஞ்சுல விழுது. ஆனா சலங்கை குத்துதுங்கக்கா. பல்லவி எடுக்கற எடத்துலிருந்தே. பாடறவங்க ‘சாமி’ங்கறப்ப அந்தச் ‘சா’ ஊசியாட்டம் ஏறுது. நான் ஹெட்ஃபோனையே கழட்டிப் போட்டேன்.”

அதற்குக் கீழே நந்தகுமார்: “எனக்கும் அதேதான்.” அதற்கும் கீழே ராசிபுரத்து ஆள் ஒருவர்: “போன பாட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சு.”

அன்புச்செல்விக்குக் காது மடல் சூடேறியது. இது ஐந்தாவது பாட்டு. ஐந்துக்கும் இதே பேச்சு. பாட்டை மறுபடி ஓடவிட்டாள். சலங்கை எங்கே குத்துகிறது? இதற்கு மேல் இறக்கினால் சலங்கையே இருக்காதே! நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தாள். எதிர் வீட்டுத் தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தாள். எல்லாரும் தலையாட்டி ரசித்தார்கள்.

“பொறாமை புடிச்சவங்க,” என்றாள் கணவனிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளவழகன் தன்னுடைய மிக்ஸ் ஒன்றைப் போட்டான். அவளுக்கு அது மூட்டம் போட்டது போல் கேட்டது. காத்திருந்தவள் போலத் தட்டினாள்: “வாழைத்தாருக்குச் சாக்கு சுத்தினாப்பல இருக்குது. உள்ள பாட்டு இருக்குதா இல்லையான்னே தெரியல.”

போட்டது தப்பு என்று அவளுக்கே உறைத்து, அழித்துவிடலாமா என்று விரலை வைத்தபோது இளவழகனின் பதில் வந்துவிட்டது.

“சிரிச்சு முடியலீங்கக்கா. சாக்குங்கறது சரிதான், எனக்கே ஏதோ மூடியிருக்கற மாதிரிதான் தோணிச்சு. ஆனா சாக்கு எந்தப் பக்கம் சுத்தியிருக்குது? குரல் மேலயா, கீழ்ப்பக்கமா? கொஞ்சம் சொல்லுங்க, அவுத்துப் பாக்கறேன்.”

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இந்த முறை குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. சாக்கு எங்கே இருக்கிறது என்று தேடிக் கேட்டாள். கண்டுபிடித்ததும் உடம்பு சிலிர்த்தது.

“அண்ணா, தவிலோட தொப்பிப் பக்கத்துக் கனத்த சத்தமும் பேஸ் கிட்டாரும் ஒரே பாயில படுத்திருக்குதுங்க. ரெண்டுல யாராச்சும் ஒருத்தரு நகரோணும். கிட்டாரோட அடிச் சத்தத்தைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்க. தவிலைத் தொடாதீங்க, அது நல்லாருக்குது.”

அரை மணி நேரத்தில் போன் வந்தது. எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் இளவழகன் கத்தினான்: “அக்கா! தொறந்துருச்சுங்கக்கா! குரல் முன்னால வந்து நிக்குது! எத்தனை நாளா இதோட மல்லுக் கட்டிட்டிருந்தேன் தெரியுங்களா!”

அவளும் சிரித்துவிட்டாள். சாக்குப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டாள். “அட உடுங்கக்கா,” என்றான் அவன். பிறகு சற்றுத் தயங்கி, “ஒண்ணு கேக்கட்டுங்களா? அடிச் சத்தத்துல இவ்வளவு நுணுக்கமாக் கேக்கறீங்க. மேல மட்டும் ஏனுங்க இப்படி?”

“எனக்கு நல்லாத்தானுங்ண்ணா கேக்குது. என்ற ஊட்டுக்காரரு கேட்டாரு, நாத்தனா கேட்டா, எதுத்த ஊட்ல கேட்டாங்க. யாருக்கும் குத்தலீங்களே.”

“அவங்கெல்லாம் என்ன வேலைங்கக்கா செய்யறாங்க?”

“வேறென்ன? எல்லாந் தறிதான்.”

“ஏனுங்கக்கா… பட்டறைக்குள்ள நீங்க எப்படிப் பேசிக்குவீங்க?”

“எங்க பேசறது? வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கறதுதான். இல்லீன்னா கையைக் காட்டறது.” சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் மெதுவாகிவிட்டது. அவன் என்ன சொல்ல வருகிறான் என்று புரிந்துவிட்டது.

இளவழகன் ஒரு ஒலிக்கோப்பை அனுப்பினான். ஒரு விசில் சத்தம் அடியிலிருந்து தொடங்கி அதே அளவில் மேலே மேலே ஏறிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் ஏறியது, ஏறியது, மெலிந்தது, காணாமல் போனது. முடிந்துவிட்டது என்று கண்ணைத் திறந்தால், அது மறுபடி எங்கிருந்தோ வந்து மேலே போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பள்ளம்! சாலையில் பாலம் அறுந்து கிடப்பது போல.

“ஏனுங்க, இங்க வாங்க! சீக்கிரம் வாங்க!” கலையரசனை உட்கார வைத்து மாட்டிவிட்டாள். அவன் கையை உயர்த்தியபடி கேட்டுக்கொண்டு வந்தான். கேட்காமல் போனதும் கையை இறக்கச் சொல்லியிருந்தாள். ஏறக்குறைய அதே இடத்தில் அவன் கை இறங்கியது.

அந்த வாரமே இருவரும் சேலத்துக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்த பெண் ஷாலினி, வந்த படத்தைத் திருப்பிக் காட்டினாள். கோடு நேராக வந்து, ஓரிடத்தில் குழிக்குள் இறங்கி, மறுபடி ஏறியது.

“இது சத்தத்துல தேய்ஞ்ச காதுங்க. ரெண்டு பேருக்கும் அதே இடம்தான். தேய்ஞ்சது திரும்பி வராது. ஆனா இதுக்கு மேல தேயாம நிறுத்தலாம். தறிகிட்ட நிக்கிறப்ப காதை மூடிக்கணும், ஒரு நாள் விடாம.”

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள் அன்புச்செல்வி. திரும்பி வராதாம். இத்தனை வருடத்தில் எத்தனை கொலுசு, எத்தனை குருவி, தன் காதுக்கு எட்டாமலே போயிருக்கும்? கலையரசன் அவள் கையைப் பிடித்தான். பிறகு அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன அன்பு?”

“அப்ப எனக்கு மிக்ஸ் பண்ணத் தெரியாம இல்லீங்க! எனக்குக் கேக்காததை ஈடு கட்ட நானே அள்ளி அள்ளிப் போட்டிருக்கறேன். சாம்பார்ல உப்பு தெரியாத நாக்கு மாதிரி. சமையல் வராம இல்ல!”

திரும்பி வருகிற பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பழகின சினிமாப் பாட்டு. எப்போதும் போலக் கொஞ்சம் மங்கலாகக் கேட்டது. சங்ககிரி தாண்டும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் மட்டுமா மங்கல்? டிவியில், ரேடியோவில், போனில், உலகத்தில் எல்லாப் பாட்டுமே தனக்குக் கொஞ்சம் மங்கல்தானே! ‘ஏன் இவர்கள் எல்லாம் இப்படி அமுக்கி வைக்கிறார்கள்’ என்று நினைத்திருக்கிறாளே! அப்படியானால், நன்றாக மிக்ஸ் செய்த பாட்டு தன் காதுக்கு எவ்வளவு மங்கலாகக் கேட்கிறதோ, தன் பாட்டும் அதே அளவு மங்கலாக இருந்துவிட்டால் போதும். ஊருக்கு அது சரியாக இருக்கும்.

பஸ்ஸிலேயே இளவழகனுக்குப் போன் போட்டு, இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

“அக்கா, இது போதும்! நல்ல பாட்டு ஒண்ணைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே பண்ணுங்க. மேல் பக்கம் சந்தேகமிருந்தா எனக்கு அனுப்புங்க, நான் கேட்டுச் சொல்றேன். என்ற அடிப் பக்கத்தை நீங்க பாருங்க.”

அப்படி ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த பாட்டை அவள் போட்டபோது, ‘சலங்கை இப்பக் குத்தலீங்க’ என்று குழுவில் வந்த பதில்களைப் பட்டறைக்குள் ஓடிப் போய்க் காட்டினாள். கலையரசன் காதில் பஞ்சு போன்ற அடைப்பானும் அதற்கு மேல் பெரிய கவசமும் மாட்டியிருந்தான். அவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு கட்டைவிரலை உயர்த்தினான். அந்த வருடம் தெருவில் நிறையப் பேர் அந்தக் கவசத்தை வாங்கினார்கள். அன்புச்செல்வி ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த விசில் சத்தத்தைக் கொண்டுபோய்க் கேட்கவைத்து, பிறகு எடுத்துச் சொன்னதுதான் காரணம்.

பெரிய சோதனை தை மாதத்தில் வந்தது. பரமத்தி வேலூரில் பொன்னாத்தாள் என்கிற கும்மி ஆசிரியை, பக்கத்து ஊர்ப் பெண்களையெல்லாம் சேர்த்துப் பழக்கி வந்தார். கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். அதற்கான பாட்டை இளவழகன்தான் பதிவு செய்திருந்தான். குழுவில் ஐந்து பேர் மிக்ஸ் செய்வது என்றும், யாருடையது என்று சொல்லாமல் மைதானத்தில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டுக் காட்டி, ஆடுகிறவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றும் முடிவானது.

அரங்கேற்றத்துக்குச் சில நாள் முன்னால், திருச்செங்கோட்டில் பஸ் மாறி அன்புச்செல்வியும் கலையரசனும் போய்ச் சேர்ந்தபோது, நந்தகுமார் டெம்போவிலிருந்து ஸ்பீக்கர் பாக்ஸ்களை இறக்கிக்கொண்டிருந்தார். காலை வெயில் காவிரிப் பக்கமிருந்து இதமாக அடித்தது. இளவழகனை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். குரலை வைத்துப் பருத்த ஆள் என்று நினைத்திருந்தாள், ஒல்லியாக, நெட்டையாக இருந்தான். மைதானத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள்.

முதல் பாட்டு போனது. இரண்டாவது. மூன்றாவதாக வந்தது அவளுடையது. அந்த உயரப் பாக்ஸில் தவில் அதிர்ந்தது. பாட்டைக் கேட்காமல் முகங்களையே பார்த்தாள். சலங்கை வந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் காதைப் பொத்தவில்லை! கலையரசனின் தோளில் ஓர் அடி வைத்தாள்.

ஐந்தும் முடிந்ததும் பொன்னாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எல்லாமே கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா எதுலயும் காலு வெக்க எடமில்ல.”

“பாக்ஸ் செட்டிங் அப்படிங்கம்மா, ஏத்தி வெச்சா…” என்று நந்தகுமார் ஆரம்பித்தார். ராசிபுரத்துக்காரர், பாட்டைப் பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார். அன்புச்செல்விக்கும் வாயில் ஒரு பதில் வந்தது. அதை விழுங்கினாள்.

“எந்த எடத்துலீங்கம்மா? ஆடிக் காட்டறீங்களா?”

பொன்னாத்தாள் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு பாட்டில்லாமல், வாயாலேயே தாளம் சொல்லிக்கொண்டு அடி வைத்தார். மூன்று அடி முன்னால், அடுத்த அடிக்குக் குனிந்து கைதட்டி அப்படியே உடம்பைத் திருப்பினார். “இங்க பாரு கண்ணு. இந்தத் திரும்பற அடிதான் உசுரு. நேர்ல தவுலுக்காரரு அந்த அடியை ஓங்கி அடிப்பாரு. உங்க பாட்டுல எல்லா அடியும் ஒரே உசரமா இருக்குது. எங்க திரும்பறதுன்னு காலுக்கு எப்படித் தெரியும்?”

அன்புச்செல்விக்குப் பளிச்சென்று விளங்கியது. ஓங்கி விழும் அடியை அமுக்கி, மெல்லிய அடியைத் தூக்கி, எல்லாவற்றையும் சமமாக்குகிற கம்ப்ரசர் என்ற கருவி அந்த மென்பொருளில் உண்டு. கேட்கச் சீராக இருக்குமே என்று ஐந்து பேருமே அதைத் தவிலின்மேல் போட்டு அழுத்தியிருந்தார்கள். வயலை மட்டம் பண்ணுகிற மாதிரி மட்டம் பண்ணிவிட்டார்கள்.

“சித்த நேரம் குடுங்கம்மா!” டெம்போவின் பின்பலகையை ஓடிப்போய்ப் பிடித்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். கலையரசன் துண்டை விரித்துத் திரைக்கு நிழல் பிடித்தான். கம்ப்ரசரை எடுத்துவிட்டாள். தவில் தாறுமாறாகக் குதித்தது; அதைக் குரலோடு சேர்த்துப் பிடித்து நிறுத்தினாள். திரும்புகிற அடி ஒவ்வொன்றையும் தேடித் தேடிக் கொஞ்சம் மேலே தூக்கினாள். அந்த அடி விழும்போது பேஸ் கிட்டாரை ஒரு கண நேரம் ஒதுங்கி நிற்கச் செய்தாள். விரல்கள் தறியில் நூல் எடுக்கிற வேகத்தில் ஓடின.

“இளவழகண்ணா, சலங்கை?”

அவன் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினான். “இன்னும் ஒரு நூல் எறக்குங்க… இன்னுங் கொஞ்சம்… போதும், போதும்! அப்படியே உடுங்க!”

“குரல்ல ‘சா’?”

“பட்டாட்டம் இருக்குதுங்கக்கா!”

நந்தகுமார் வயரைச் செருகினார். பாட்டு கிளம்பியது. பெண்கள் முதலில் சும்மாதான் நின்றார்கள். தவில் உள்ளே வந்தது. முதல் திரும்பல் அடி மைதானத்தில் தொம்மென்று விழுந்தபோது முன் வரிசையில் ஒரு பெண்ணின் கால் தானாக நகர்ந்தது. அடுத்த சுற்றில் நாலு பேர். அதற்கடுத்த சுற்றில் யாரும் சொல்லாமலே வட்டம் கட்டிவிட்டது. அத்தனை கைகளும் ஒன்றாகத் தட்டி, அத்தனை உடம்பும் ஒன்றாகத் திரும்பின. புழுதி கிளம்பியது. நந்தகுமார் பாக்ஸ்மேல் தாளம் போட்டார். ராசிபுரத்துக்காரர் வாயில் விரலை வைத்து விசிலடித்தார். இளவழகன், “அக்கா, பாருங்கக்கா, பாருங்கக்கா!” என்று கத்தியது மட்டும் அவளுக்குக் கேட்டது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு, சிரிப்பும் அடக்க முடியாமல் வந்தது.

பாட்டு முடிந்ததும் பொன்னாத்தாள் மூச்சு வாங்க அவளிடம் வந்தார். “இதுதான் சாமி. இதுல மாடு மேய்க்கறவனும் ஆடிப்போடுவான்.”

அரங்கேற்றத்தன்று அந்த ஊருக்குள் வண்டி நிறுத்த இடமில்லை. பச்சைச் சேலை கட்டிய பெண்கள் மைதானம் நிறைய வட்டத்துக்குள் வட்டமாக நின்றார்கள். பாட்டுக்கு முன்னால் மைக்கில் மிக்ஸ் செய்தவர் பெயரைச் சொன்னார்கள். இளவழகன், நந்தகுமார் பெயர்களையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி அவள் முன்னமே கேட்டுக்கொண்டிருந்தாள். எடப்பாடியிலிருந்து ஒரு வேன் பிடித்து அவள் தெருக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் திரும்பல் அடியில் கூட்டம் ஓவென்று கத்தியது.

அன்புச்செல்வி பாக்ஸிலிருந்து தள்ளி, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். இரண்டாம் சரணம் வந்தபோது அவள் புருவம் சுருங்கியது. “ஏ அன்பு, எல்லாரும் எப்படி ஆடறாங்க பாரு, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?” என்றான் கலையரசன்.

“சித்த இருங்க.” அவள் போனை எடுத்துக் குழுவில் தட்டினாள்: “ரெண்டாஞ் சரணத்துல குழல் வர்ற எடத்துல குரல் உள்ள போயிருச்சு. மைதானத்துல கேட்டாத்தான் தெரியுது. குழலை ஒரு படி எறக்கியிருக்கோணும். என்ற தப்பு.”

மேடை ஓரத்தில் நின்ற இளவழகன் போனைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு மேலே தலையை நீட்டி அவளைத் தேடினான். கண்டதும் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தான். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த திரும்பலுக்குக் கைதட்டத் தயாராக நின்றாள்.